பல்லிடுக்கில் பாய்ந்த வாய்க்கால்

பற்களின் சரித்திரத்தை எழுதப் புகுகின்றவர்கள், அரசர்களின் சொத்தைப் பற்களையும், சந்தைகளில் கூட்டம் கூட்டிப் பல் பிடுங்கியவர்களின் குறடுகளையும், ஐரோப்பியப் பட்டணங்களில் வைத்திய சாஸ்திரம் அடைந்த அபிவிருத்தியையும் விஸ்தாரமாகச் சொல்லி அமைந்துவிடுவது வழக்கம். அமெரிக்காவின் மேற்கே, ராக்கி மலைத் தொடரின் அடிவாரத்தில், மழை அபூர்வமாய்ப் பெய்கின்ற கொலராடோ மாநிலத்துக்கு அந்தச் சரித்திரத்தில் இரண்டு அத்தியாயங்கள் உரியவை என்பதையும், அவ்விரண்டுக்கும் காரணமாய் நின்றது தண்ணீரே என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்வது குறைவு. முதல் அத்தியாயத்தில் தண்ணீர் பல்லைக் கறைப்படுத்திற்று. இரண்டாம் அத்தியாயத்தில் பல்லிடுக்கைக் கழுவிற்று. இப்பொழுது மின்கம்பியின் தொடர்பு இல்லாமல், கைக்கு அடக்கமாய், பிரயாணப் பையில் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும்படி கடைகளில் விற்கின்ற வாட்டர் ஃப்ளாஸர் என்னும் கருவி அந்த இரண்டாம் அத்தியாயத்தில் பிறந்தது. ஆயினும் முதலதிலிருந்து தொடங்குவதே முறை.

1901-ஆம் ஆண்டில், பென்சில்வேனியா சர்வகலாசாலையில் பல் வைத்தியம் பயின்று வெளிவந்த ஃபிரெடரிக் மெக்கே என்னும் இளைஞர் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் ஊருக்கு வந்து தொழில் தொடங்கினார். அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில், எவ்வளவு தேய்த்தாலும் போகாத பழுப்புக் கறை படிந்திருப்பதை அவர் கண்டார். பாடப் புத்தகங்களில் எங்கும் காணாத இந்த விகாரத்துக்கு ஊரார் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்: பன்றி இறைச்சியை மிகுதியாய் உண்பதுதான் என்றார் ஒருவர், கெட்ட பால் என்றார் மற்றொருவர், தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்றார் வேறொருவர். மெக்கேயின் ஓயாத கடிதங்களுக்கு இணங்கி, அந்நாளில் பல் வைத்திய சாஸ்திரத்தின் தலைமைப் பண்டிதராய் விளங்கிய ஜி. வி. பிளாக் 1909-இல் நேரில் வந்து பார்த்தார். ஊரில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழப் பத்துக்கு ஒன்பது பேருக்குக் கறை இருப்பதை அறிந்து திகைத்தார். அவ்விருவரும் சில ஆண்டுகள் ஆராய்ந்து கண்டுகொண்டவை இரண்டு. பல் உருவாகும் பருவத்திலேயே இந்தக் கறை அதன் உள்ளே அமைந்துவிடுகிறது. ஆகையால் பற்கள் முதிர்ந்த பிறகு அந்த ஊருக்குக் குடிவந்தவர்களை அது தீண்டுவதில்லை. மற்றொன்று, ஒருவரும் எதிர்பாராதது: கறைப்பட்ட பற்கள் சொத்தைக்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை.

1915-இல் பிளாக் காலமான பின்னரும் மெக்கே விடவில்லை. 1923-இல் ஐடஹோ மாநிலத்து ஓக்லி என்னும் சிற்றூருக்குச் சென்றபோது, ஐந்து மைல் தொலைவிலுள்ள வெந்நீர் ஊற்றிலிருந்து பொதுக் குழாய் போட்ட பிறகே தங்கள் குழந்தைகளின் பற்கள் பழுப்படையத் தொடங்கியதாகத் தாய்மார்கள் சொல்லக் கேட்டு, அந்தக் குழாயை அடியோடு கைவிட்டு வேறு ஊற்றுக்கு மாறும்படி புத்தி சொன்னார். மாறியபின் முளைத்த பற்கள் வெள்ளை வெளேரென்று வந்தன. தண்ணீரில் இருந்த அந்தப் பொருள் இன்னதென்று கண்டுசொன்னது வைத்திய உலகமன்று, ஓர் அலுமினியக் கம்பெனி. அர்க்கன்ஸாஸ் மாநிலத்தில் அக் கம்பெனியின் தொழிலாளர் வாழ்ந்த பாக்ஸைட் என்னும் ஊரிலும் இதே கறை தோன்றவே, அலுமினியப் பாத்திரங்கள் விஷம் என்று அப்போது உலவிய வதந்திக்கு இதுவும் துணைபோய்விடுமே என்று அஞ்சிய தலைமை ரசாயன நிபுணர் சர்ச்சில், அவ்வூர்த் தண்ணீரை நிறமாலைக் கருவியில் இட்டுப் பரிசோதித்து, 1931-இல் அதில் ஃப்ளூரைடு மிகுந்திருப்பதை அறிவித்தார். வியாபாரத்தின் அச்சத்திலிருந்து ஒரு சாஸ்திர உண்மை வெளிப்பட்டது என்று இதைச் சொல்லலாம். அந்த அச்சத்துக்கு உலகம் கடமைப்பட்டிருக்கிறது. பிறகு டிரெண்ட்லி டீன் என்பவர், பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் ஃப்ளூரைடு இருந்தால் கறை குறைந்தும் பல் உறுதிப்பட்டும் இருக்கும் என்று காட்டியதும், 1945-இல் மிச்சிகன் மாநிலத்து கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் தன் குடிநீரில் அதை வேண்டுமென்றே கலந்துகொண்ட உலகின் முதல் நகரமானதும் பிரசித்தமான செய்திகள்.

இதில் நமக்கும் நேரடியான பங்கு உண்டு. 1937-இல், அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டத்தில், பற்களின் கறையோடு முதுகெலும்பும் இறுகிக் குனியவும் நிமிரவும் இயலாமல் போன கிராமத்து மக்களை ஷார்ட் என்னும் மருத்துவ அறிஞரும் அவருடைய தோழர்களும் ஆராய்ந்து, கிணற்று நீரின் ஃப்ளூரைடே காரணம் என்று எழுதினார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பழுப்புப் பற்களோடு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய் மூடிச் சிரிக்கப் பழகிய காலம் நெடிது. ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் காவிரி நீரைக் குழாய்களில் அங்கே கொண்டுசெல்லும் திட்டம் 2013-இல்தான் தொடங்கிவைக்கப்பட்டது. ஓக்லியில் மெக்கே சொன்ன பரிகாரமும் இதுவே: நீரை மாற்றுவது.

கறை என்பது பல்லின் உள்ளே நேர்வது. பல்லுக்கும் பல்லுக்கும் இடையே நேர்வது வேறு விவகாரம். அதன் சரித்திரம் மிகப் பழையது. ஏழாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து வந்து நாளந்தாவில் பல ஆண்டுகள் தங்கிய இ-சிங் என்னும் பௌத்தத் துறவி, இந்நாட்டுத் துறவிகள் காலையில் பல் துலக்கும் முறையை வெகு நுட்பமாய் எழுதிவைத்திருக்கிறார். பன்னிரண்டு விரற்கடைக்கு மேலும் எட்டு விரற்கடைக்குக் கீழும் போகாத ஒரு குச்சி, சுண்டு விரலின் பருமன். ஒரு முனையை மென்று மென்மையாக்கித் தேய்த்து, பிறகு அதைப் பிளந்து வளைத்து நாக்கை வழித்து, நீரால் வாய் கொப்பளித்து, குச்சியைக் கழுவி எறிந்துவிடவேண்டும். வேலங்குச்சியும் வேப்பங்குச்சியும் ஒடித்துப் பழகிய நம் பாட்டன்மார்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இராது. ஆனால் குச்சியானாலும் சரி, கொப்பளிக்கும் நீரானாலும் சரி, பல்லின் முகத்தைத் துலக்குகிற அளவுக்கு அதன் இடுக்கைத் துலக்குவதில்லை.

இதை முதன்முதலில் கண்ணால் கண்டு நிரூபித்தவர் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹுக். தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லைகளைக் கொண்டு நுண்ணுயிர்களை உலகுக்குக் காட்டிய அவர், 1683-இல் லண்டன் ராயல் சொஸைட்டிக்கு எழுதிய கடிதத்தில், நாள்தோறும் உப்பிட்டுப் பல் துலக்கி, துணியால் தேய்த்து, குச்சியால் குத்தியெடுத்துச் சுத்தமாய் வைத்திருந்த தம் வாயிலேயே, பற்களின் நடுவே மாவு போன்ற வெண்பொருள் தங்கியிருந்ததையும், அதை மழைநீரில் கரைத்துப் பார்த்தபோது எண்ணிறந்த உயிர்கள் துள்ளியதையும் விவரித்தார். அத்தோடு நில்லாமல், கடுமையான காடியை வாயில் விட்டுக் கொப்பளித்துவிட்டு மறுபடியும் சோதித்தார். வெண்பொருளின் மேற்புறத்தில் இருந்தவை மட்டுமே மடிந்தன, உள்ளே இருந்தவை முன்போலவே உயிரோடிருந்தன. காடியின் உக்கிரம் போதாமற் போகவில்லை; அது உள்ளே செல்லவில்லை. இன்றைய வாசனை மருந்து நீர்களுக்கு விளம்பரம் எழுதுகின்றவர்கள் இந்தக் கடிதத்தை ஒருமுறை வாசிக்கலாம்.

உள்ளே செல்வதற்கு முதலில் அகப்பட்ட சாதனம் நூல். நியூ ஆர்லியன்ஸ் நகரத்து லீவை ஸ்பியர் பார்ம்லி என்னும் பல் வைத்தியர், மெழுகு பூசிய பட்டு நூலைப் பல்லிடுக்கில் செலுத்தி இழுக்கும்படி 1819-இல் வெளியிட்ட நூலில் உபதேசித்தார். பட்டு கிடைப்பது அரிதாகிய இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டி, அதே நகரத்து வைத்தியர் சார்லஸ் பாஸ் நைலான் நூலைக் கொண்டுவந்தார். நூல் நன்மையானது, மலிவானது. ஆனால் இரண்டு கைகளின் விரல்களையும் வாய்க்குள் நுழைத்துக் கடைவாய் வரை கொண்டுபோய் நூலை ஏற்றி இறக்குவதென்பது, நாளடைவில் மனிதன் கைவிட்டுவிடக்கூடிய அப்பியாசங்களில் ஒன்று. பற்களுக்குக் கம்பி கட்டியவர்களுக்கும் கை விரல்கள் மூட்டுவாதத்தால் மடங்காதவர்களுக்கும் அது ஏறக்குறைய அசாத்தியம்.

இனி இரண்டாம் அத்தியாயம் நிகழ்ந்த ஃபோர்ட் காலின்ஸ் நகரத்துக்கு வருவோம். கொலராடோவின் வடக்கே, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில், கேஷ் லா பூடர் என்னும் ஆற்றின் கரையில் அமைந்த ஊர் அது. ஆண்டுக்குச் சுமார் 15 அங்குலம் மழை பெய்கின்ற அந்தப் பூமியில், மலைமேல் உறைந்த பனி உருகி ஆற்றில் வருவதை வாய்க்கால் வெட்டித் திருப்பினாலன்றி ஒரு கதிரும் விளையாது. ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் கிரீலி என்னும் குடியேற்றத்தை 1870-இல் அமைத்தவர்கள் முதலில் வாய்க்கால் வெட்டிக்கொண்டார்கள். சில ஆண்டுகளுக்குள் மேற்பக்கத்தில் ஃபோர்ட் காலின்ஸ்காரர்கள் தாங்களும் வெட்டவே, 1874-ஆம் ஆண்டுக் கோடையில் கிரீலியின் வாய்க்கால்கள் வறண்டுபோயின. தலைமடைக்கும் கடைமடைக்கும் நடக்கின்ற சண்டை தஞ்சாவூர் ஜில்லாவுக்கு மட்டும் உரியதென்று எண்ணுகின்றவர்கள் அந்தக் கோடையைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும். இரு சாராரும் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் கூடி வாதிட்டார்கள். துப்பாக்கியைத் தூக்கப்போவதாகவும் பேச்சு எழுந்தது. முதலில் நீரைப் பயன்படுத்தத் தொடங்கியவனுக்கே முதல் உரிமை என்னும் கொள்கை 1876-இல் அந்த மாநிலத்தின் அரசியல் சட்டத்தில் ஏறியதற்கு இவ்வகைச் சச்சரவுகளே காரணம்.

உரிமை இன்னாருக்கு என்று தீர்ந்துவிட்டால், அடுத்தபடியாக எழும் கேள்வி எவ்வளவு என்பது. அளக்க முடியாத நீருக்கு உரிமை பேசுவது வீண். அதனால்தான் ஃபோர்ட் காலின்ஸில் இருந்த விவசாயக் கல்லூரி, 1880-களிலேயே எல்வுட் மீட் என்பவரை நீர்ப்பாசனப் பொறியியலுக்கென்றே ஆசிரியராய் நியமித்தது. அமெரிக்காவில் அந்தப் பதவி அதுவே முதல். ஹூவர் அணைக்குப் பின்னே தேங்கி நிற்கின்ற பெரிய நீர்நிலை இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1920-களில் அதே ஊரில் ரால்ஃப் பார்ஷல் என்பவர், வாய்க்காலின் ஓரிடத்தை ஒரு கணக்குப்படி குறுக்கி, அங்கே நீர் நிற்கும் உயரத்தைக் கொண்டே ஓடும் அளவைச் சொல்லிவிடக்கூடிய தொட்டி ஒன்றை அமைத்தார். அந்தப் பார்ஷல் தொட்டி இன்று நம் நாட்டு நீர் சுத்திகரிப்பு நிலையங்களிலும் காணக்கிடைக்கிறது. 1938-இல் தொடங்கிய பிக் தாம்ப்ஸன் திட்டம், மலைத் தொடரின் மேற்கே விழும் நீரை 13 மைல் நீளமுள்ள சுரங்கத்தின் வழியே கிழக்கே கொண்டுவந்தது. அந்நீரைத் தேக்குவதற்காக ஃபோர்ட் காலின்ஸுக்கு மேற்கே கட்டிய ஏரிக்கு, அருகிலுள்ள பாறையின் உருவத்தை ஒட்டிக் குதிரைப்பல் ஏரி என்றே பெயர் வழங்குகிறது. சரித்திரம் சில சமயம் இப்படியும் விளையாடுகிறது. இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த நீரில் அவ்வட்டாரத்துக் குடியானவர்கள் விளைத்தவற்றுள் முக்கியமானது சர்க்கரைக் கிழங்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதற்கொண்டு அவ்வூரிலேயே சர்க்கரை ஆலையும் இயங்கிற்று. பல்லைக் கெடுப்பதற்கும் அந்நகரம் தன் பங்கைச் செலுத்தாமல் இல்லை.

தண்ணீரை அளப்பதும், அடக்குவதும், குறுகிய வழியில் விரைவாய்ச் செலுத்துவதும் இவ்வாறு ஊர்த் தொழிலாகிவிட்ட இடத்தில், ஜெரால்ட் மோயர் என்னும் பல் வைத்தியரிடம் ஜான் மாட்டிங்லி என்னும் நீரியல் பொறியாளர் நோயாளியாய்ச் சென்றார். பொறியாளன் பல் வைத்தியனுடைய நாற்காலியில் வாயைத் திறந்து உட்காருவது எந்த ஊரிலும் நேரக்கூடியதே. ஆனால் அந்தப் பொறியாளன் நீரையே தொழிலாய்க் கொண்டவனாக இருப்பது ஃபோர்ட் காலின்ஸில் மற்ற இடங்களைவிட எளிதில் நேரக்கூடியது என்பது என் அபிப்பிராயம். நீரைப் பாய்ச்சி ஈறுகளைக் கழுவலாம் என்ற எண்ணம் வைத்தியருடையது. அதை யந்திரமாக்கியது பொறியாளருடைய வேலை. இருவருடைய முயற்சியும் 1962-இல் பலன் தந்தது. மேசைமேல் நிற்கும் ஒரு நீர்த்தொட்டி, மின்சார மோட்டார், சிறிய பிஸ்டன் பம்பு, நீண்ட ரப்பர்க் குழாய், அதன் முனையில் ஊசிபோல் குவிந்த பீச்சாங்குழல் ஆகிய இவ்வளவுதான் அந்த யந்திரம். அதைச் செய்து விற்க ஆக்வா டெக் என்னும் கம்பெனி ஏற்பட்டது. கருவிக்கு வாட்டர் பிக் என்று பெயரிட்டார்கள். 1966-இல் மாட்டிங்லியின் பெயரில் காப்புரிமையும் கிடைத்தது.

சமையலறைக் குழாயில் பொருத்தி வாய்க்குள் நீரைத் தாரையாய் விடுகின்ற சாதனங்கள் அதற்கு முன்னரும் இல்லாமற் போகவில்லை. அப்படியானால் இதில் புதியது எது என்று கேட்கலாம். இடைவிடாத தாரையைப் பல்லிடுக்கில் பாய்ச்சினால், அது ஈற்றை அமுக்கிக்கொண்டே நிற்கும். உள்ளே தங்கிய உணவுத் துணுக்கு அந்த அமுக்கத்தில் இன்னும் உள்ளே ஒடுங்குமேயன்றி வெளியே வர வழியிராது. பம்பின் பிஸ்டன் முன்னும் பின்னும் போய்வரும்போது தாரை கணந்தோறும் அறுந்து அறுந்து பாய்கிறது. நிமிடத்துக்கு 1,200 முதல் 1,400 தடவை வரை இந்தத் துடிப்பு நிகழும். நீர் மோதும்போது ஈறு சற்றே அமுங்குகிறது, நிற்கும்போது மீண்டெழுகிறது; அந்த மீட்சியில் அடியிலுள்ள அழுக்கு நீரோடு வெளியே வருகிறது. வாசற்படியில் ஒட்டிய சேற்றை, வாளி நீரை ஒரேயடியாய்க் கவிழ்க்காமல் சொம்பு சொம்பாய் விசிறியடித்துக் கழுவுகிற பெண்ணுக்கு இந்தத் தத்துவத்தை ஒருவரும் கற்பிக்க வேண்டியதில்லை. லேவன்ஹுக்கின் காடி செல்லாத இடத்துக்கு வெறுந்தண்ணீர் சென்றது அதன் வலிமையால் அன்று. அது விட்டுவிட்டுப் போனதால்.

1967-இல் டெலிடைன் என்னும் பெரிய ஸ்தாபனம் ஆக்வா டெக்கை வாங்கிற்று. விமானக் கருவிகளும் மின்னணுச் சாதனங்களும் செய்கின்ற அந்தக் கூட்டு வாணிகத்தில், பல் கழுவும் யந்திரம் வீட்டுக்கு வீடு அறிமுகமான பொருளாயிற்று. ஆனால் அந்த ஆண்டுகளில் அதற்கு நேர்ந்த மிக விசித்திரமான உபயோகம் வீட்டில் நேர்ந்ததன்று. வியட்நாம் போரில் முகத்திலும் தாடையிலும் காயம்பட்ட சிப்பாய்களின் புண்களில், மண்ணும் இரும்புத் துகளும் துணி நூலும் ஆழமாய்ப் பதிந்திருக்கும். ஊசிக்குழலால் நீரைப் பீச்சினால் அவை வருவதில்லை. இந்தியாவில் பிறந்து அமெரிக்க ராணுவத்தில் பல் வைத்தியராய்ச் சேர்ந்த எஸ். என். பாஸ்கர் என்பவரும் ராணுவப் பல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அவருடைய சகாக்களும், துடித்துப் பாயும் இந்நீர்த்தாரையைக் கொண்டு அத்தகைய புண்களைக் கழுவிப் பரிசோதித்து, பழைய முறையைவிட இது மேம்பட்டது என்று 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கட்டுரைகள் எழுதினார்கள். பிற்பாடு அந்த ராணுவத்தின் பல் வைத்தியப் படைக்கே தலைவராய், மேஜர் ஜெனரல் பதவி வரை அவர் உயர்ந்தார். நம்மவர்களின் சாதனைகளைத் தேடித் தேடிப் பட்டியலிடுகிற காலத்தில் இவருடைய பெயர் அதிகமாய் அடிபடாதது வியப்புத்தான்.

மேசை யந்திரத்துக்கு ஒரு குறை இருந்தது. முகம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் மின்சார முனை வேண்டும். 600 மில்லிலிட்டருக்குமேல் நீர் கொள்ளும் தொட்டிக்கு இடம் வேண்டும். நிக்கல்-காட்மியம் பாட்டரியும், 1991-இல் சோனி கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி பாட்டரியும் இந்தக் கட்டை அவிழ்த்தன. மோட்டார், பம்பு, பாட்டரி, தொட்டி நான்கும் ஒரே கைப்பிடிக்குள் ஒடுங்கின. ஆனால் சௌகரியத்துக்கு விலை உண்டு. கைப்பிடியில் உள்ள தொட்டி 150 முதல் 300 மில்லிலிட்டர் வரையே கொள்ளும். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். முப்பத்திரண்டு பற்களையும் சுற்றிவர இரண்டாம் முறை நிரப்பவேண்டியதாகலாம். முதலில் குறைந்த விசையில் வைத்து, முனையை ஈற்றின் விளிம்புக்கு நேராய்ப் பிடித்து, முகம் கழுவும் தொட்டியின் மேல் குனிந்து, உதட்டைச் சிறிது திறந்து நீரை வழியவிட்டுக்கொண்டே போகவேண்டும். முனை வாய்க்குள் போனபின் பொத்தானை அழுத்தவேண்டும் என்பதை முதல் நாளிலேயே எல்லோரும் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள், எதிரே உள்ள கண்ணாடியும் சுவரும் நனைந்தபின்.

இது நூலுக்குப் பதிலாகுமா என்பது வைத்தியர்களிடையே இன்னும் தீராத விவகாரம். பல்லில் பசைபோல் ஒட்டிப் படரும் படலத்தை நூல் உராய்ந்து எடுப்பதுபோல் நீர் எடுப்பதில்லை என்பார் சிலர். ஈற்றின் வீக்கத்தையும் இரத்தக் கசிவையும் குறைப்பதில் நீர் பின்தங்கவில்லை என்பார் வேறு சிலர். கம்பி கட்டிய பற்களுக்கும், செயற்கைப் பல் பொருத்தியவர்களுக்கும், நூலைக் கையாள முடியாத முதியோருக்கும் இது நல்ல துணை என்பதில் அவர்களுக்குள் அதிகம் பேதமில்லை. ஏற்கெனவே இறுகிக் கல்லாகிவிட்ட பற்காரையை மட்டும் நீரும் பெயர்க்காது, நூலும் பெயர்க்காது. அதற்கு வைத்தியரிடம்தான் போகவேண்டும்.

நம் ஊர்களில் இதை உபயோகிக்கின்றவர்களுக்கு ஃபோர்ட் காலின்ஸ் அறிந்திராத தொல்லை ஒன்று உண்டு. அங்கே குழாயில் வருவது பனி உருகிய மென்மையான நீர். இங்கே பல வீடுகளில் வருவது ஆழ்குழாய்க் கிணற்றின் உப்பு நீர். சில மாதங்களில் வாளியின் விளிம்பில் படிவதுபோலவே பம்பின் உள்ளும் ஊசிமுனைத் துவாரத்திலும் வெள்ளைப் படிவு ஏறி, தாரை நூலாய் மெலிந்து, பிறகு நின்றுவிடும். அவ்வப்போது காடியும் வெதுவெதுப்பான நீரும் கலந்து தொட்டியில் ஊற்றி ஓட்டிக் கழுவினால் படிவு கரையும். அதற்குப் பொறுமையில்லாதவர்கள் குடிப்பதற்கு வாங்குகிற கேன் தண்ணீரையே அதற்கும் ஊற்றிக்கொள்வது உத்தமம்.